கணினி படித்துக்காட்டிய அண்ணன் கடிதம்

கோபக்காரிக்கு,

உன் அம்மா வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கே பால் தினமும் பொங்கி வழிகிறது.

அலுவலகத்துக்குப் பேசும் கணினி வந்த அன்று, "இனிமே உன் கண்ணு எனக்குத் தேவையில்ல" என்றேன். வாய்க்கொழுப்பு. நீயும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நேற்று அண்ணனின் பழைய கடிதங்களை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தட்டச்சு செய்தவைதானே, ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் கணினி படித்துவிடும். "தம்பி ஒழுங்கா சாப்பிடறானான்னு கேக்கறார்" என்று நீ படித்துக்காட்டினாயே, அதைத்தான் ஆசையாக முதலில் வைத்தேன்.

அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. நிறுத்தக்குறிகளைக்கூட வாய்விட்டுச் சொல்லும். "கண் தெரியாதவனை என் மகள் கல்யாணத்தில் எங்கே உட்கார வைப்பது கேள்விக்குறி வராதே முற்றுப்புள்ளி" என்றது.

திரும்ப வைத்தேன். அதையேதான் சொன்னது. மற்ற மூன்று கடிதங்களும் அதே லட்சணம்தான். சாப்பாட்டைப் பற்றி எதிலும் ஒரு வரி இல்லை.

ஒரு இடத்தில்கூட உன் குரல் தடுமாறியதில்லையே. எப்படி முடிந்தது உன்னால்?

இன்று அவரிடமிருந்து இன்னொன்று வந்திருப்பதாகத் தபால்காரர் சொல்லிக் கொடுத்தார். பிரிக்கவில்லை. கணினி ஒரு எழுத்தையும் விடாது. நீ வந்து படி.

இப்படிக்கு,
ஒழுங்காகச் சாப்பிடாதவன்