கசியும் தொட்டிக் கணக்கு

ஜூன் 12, வியாழன்

மூன்று வீட்டில் குழாய் வேலை. இடுப்பு கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் மகளின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. தொட்டி முந்நூறு லிட்டர் பிடிக்கும், ஏற்கெனவே அறுபது இருக்கு, நிமிஷத்துக்கு இருபது லிட்டர் விழுது, அஞ்சு கசியுது. தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம்? முந்நூறை இருபதால் வகுத்துப் பதினைந்து என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பதினாறுடி! இதுகூடவா தெரியல? மரமண்டை!" என்று கத்தினேன். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 13

"வீட்டுப்பாடம் இல்லப்பா" என்றாள். பொய்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றும் நோட்டு வரவில்லை. மனைவி பிடித்துக்கொண்டாள். "உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே நோட்டை ஒளிச்சு வைக்கிறா. வேலைக்குப் போற வீட்டுல எடுத்ததும் செவுத்தை உடைப்பீங்களா? எங்க கசியுதுன்னு முதல்ல பார்ப்பீங்கல்ல?"

விடையைச் சொன்னேனே, வழியைச் சொன்னேனா? எனக்கு மண்டையில் சட்டென்று வந்து விழுந்துவிடுகிறது. பத்து வயசுப் பிள்ளைக்கு? இனிமே என்கிட்ட எதையுமே காட்ட மாட்டாளோ — என்ன அப்பன்டா நான்.

ஜூன் 17, செவ்வாய்

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள், அவ்வளவுதான். குளியலறையில் ஓட்டை வாளி ஒன்றை வைத்தேன். வாயே திறக்க மாட்டேன் என்று மனைவிக்குச் சத்தியம் செய்திருந்தேன். மகள் குவளை குவளையாக ஊற்றினாள், ஒழுகுவதைக் குனிந்து பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அஞ்சு நிமிஷம்! உயிரே போயிற்று.

"அப்பா, விழுறதெல்லாம் தங்கலையே! கசியறதைக் கழிச்சுட்டுத்தானே வகுக்கணும்?" வாளியில் தங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "அறுபது முன்னாடியே இருக்கே, அதை எதுக்கு மறுபடி நிரப்பணும்?"

அப்பாடா! இருநூற்று நாற்பதைப் பதினைந்தால் வகுத்தாள். பதினாறு.

"ஓட்டையை அடைக்காம தண்ணியைத் திறந்துவிட்டவன் எவன்? என்கிட்ட அனுப்பு அவனை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கடவுளே, கோடி நன்றி. மனைவிக்கு அதைவிட நன்றி. நேரில் சொன்னால் அவள் பெருமையைத் தாங்க முடியாது, எழுதி வைக்கிறேன்.

ஜூன் 19

இன்றும் அவள் கணக்குப் போடும்போது குறுக்கே பேசாமல் இருந்தேன். பெரிய சாதனைதான்.

ஜூன் 24, செவ்வாய்

செருப்பைக் கழற்றுவதற்குள் நோட்டோடு வந்து நின்றாள். ரயில் கணக்கு. விடை தப்பு, பார்த்ததுமே தெரிந்தது.

"தப்புன்னு எனக்கும் தெரியும்பா. எங்கேன்னு நானே கண்டுபிடிக்கிறேன். நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க, போதும்."

உட்கார்ந்தேன்.