எடை குறைந்த எஃகுத் துண்டு

என் தங்கமான அண்ணா,

நீ போய் நாலு மாதமாகிறது. பிரான்சிலிருந்து உன் ஆய்வுக்கூடத்தார் அனுப்பிய ஒரு காகிதம் நேற்று வந்தது. குழாய் பிளந்து, உருக்கிய சோடியம் பீறிட்டு உன்னை எரித்ததற்கு உன் கவனக்குறைவுதான் காரணமாம். அதை ஒப்புக்கொண்டு அம்மா கையெழுத்துப் போட்டால்தான் உன் துணிமணிப் பெட்டி ஊர் வந்து சேருமாம். எவ்வளவு நெஞ்சழுத்தம் பார்! புதுச்சேரியில் கொடி மாறி இத்தனை வருஷமாகியும் பிரெஞ்சுக் காகிதம்தான் வந்து நம்மை அழவைக்கிறது.

அணு உலையின் சூட்டைச் சுமக்கப்போகிற அந்த உலோகக் குழம்பு, துருப்பிடிக்காத எஃகை என்ன செய்யும் என்று பார்ப்பதுதானே உன் வேலை? எஃகுத் துண்டை எடை போட்டு, வாரக்கணக்கில் அதற்குள் கிடத்தி, எடுத்து ஆல்கஹாலில் கழுவி, மறுபடி எடை போடுவாய். குழாயில் சூடு அதிகமான பக்கம் வைத்த துண்டு எடை குறைந்து இளைத்துவிட்டது என்று நீயே எழுதினாய். "சரியாகக் கழுவவில்லை" என்றாராம் உன் தலைவர். சோடியம் ஒட்டியிருந்தால் எடை கூடத்தானே செய்யும், எப்படிக் குறையும்? பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித்தரும் எனக்கே புரிகிறதே! துண்டு இளைத்தால் அதே எஃகில் செய்த குழாயும் இளைத்துப் பிளக்காதா?

உன் மேலும்தான் கோபம். "வுய், முசியே" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாயே, ஏன்? எதிர்த்துப் பேசினால் அடங்காதவன் என்று பேர் வந்துவிடுமா? மில்லில் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்ற அப்பாவுக்குப் பிறந்தவன்தானே நீ?

மாமா வேறு காலையில் அரியாங்குப்பத்திலிருந்து வந்துவிட்டார். "செத்தவனுக்கு இனிமே என்னாம்மா கெட்ட பேரு? போட்டுட்டுப் போ. பெரிய எடத்து வம்பு நமக்கெதுக்கு?"

அம்மா பேனாவை எடுத்தேவிட்டாள். நாலு மாதமாக அந்தப் பெட்டிக்காகத்தானே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் குழாயாண்ட இப்ப யாருடி நிக்கிறாங்க?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உனக்காகவே அழுதுகொண்டிருந்தேன், அது தோன்றவே இல்லை. உன்னோடு அங்கே வேலை பார்த்த அறைத்தோழன் ழான்தானே நிற்பான்? அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே?

பெட்டி வேண்டாம் என்றுவிட்டாள் அம்மா. மாமா கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார், போகட்டும். காகிதம் கையெழுத்தில்லாமல் திரும்பிப் போகிறது. நீ எழுதிய எடைகளையெல்லாம் நகலெடுத்து, "அங்கே நிற்காதே" என்று மேலே எழுதி, ழானுக்கு இன்றே அனுப்புகிறேன். பதில் வரும்வரை வாரம் ஒரு கடிதம் போடுவேன் அண்ணா, சத்தியம். அவனாவது முடியாது என்று சொல்லட்டும்.

உன்னிடம் வாயாடியே வளர்ந்த தங்கச்சி,
தனம்