பானட்டில் வைத்த கை

வைகாசி 9, 1992

ராசா, இன்று சோழபுரத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். நம் மாங்காய்க் கூடைகளை இனி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களாம். உங்கள் தம்பிதான் கூட்டிப்போனான்.

ரொம்பத் தூரம் ஓடிக் களைத்த வண்டி. ஆனாலும் சாவியைத் திருகியதும் கிளம்பிவிட்டது.

"பாத்தியளா மதினி, குதிரை மாதிரில்லா கெளம்புது!" என்று துள்ளினான்.

நான் அதற்கு முன்பே, உங்களைப் போல, பானட்டில் கை வைத்துப் பார்த்திருந்தேன். சுட்டது. சூடாயிருந்தால் எந்த வண்டியும் கிளம்பிவிடும், இஞ்சின் குளிர்ந்திருந்தால்தான் அதன் நோவு தெரியும் என்பீர்களே.

"இப்பதாம்மா டீசல் போட்டுட்டு வாரேன்" என்றார் வண்டியை விற்கும் புரோக்கர்.

"ஆறட்டும். பொறவு ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஆறவச்சுத் திங்க இதென்ன இட்லியாம்மா?"

உங்கள் தம்பியும் சேர்ந்து சிரித்தான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நாளைக்கே முடிவு சொல்ல வேண்டுமாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு ஆள் காத்திருக்கிறாராம்.

நீங்கள் போன அன்று கழற்றிய தாலிக்கொடியை விற்றுத்தான் வாங்க வேண்டும். அது இப்போது என் மடியில் கிடக்கிறது. தூக்கம் வரவில்லை.

விடியுமுன்னே சொல்லாமல் போய் மறுபடி கை வைத்துப் பார்த்துவிட்டு, புரோக்கரை எழுப்பி ஸ்டார்ட் பண்ணச் சொல்லப்போகிறேன். கிளம்பாவிட்டால் கவலையில்லை, திரும்பி வந்துவிடுவேன். குளிர்ந்து கிடக்கும்போதும் அது கிளம்பிவிட்டால், இந்தக் கொடியைக் கொடுத்துவிடவா ராசா?