மூடி வைக்காத தகடு

உன் பதினாறாம் நாளுக்கென்று பீரோவிலிருந்து வேட்டியை எடுத்தேன். பாச்சை உருண்டை வாடை முகத்தில் அடித்தது. போகவே வேண்டாமென்று ஒரு கணம் தோன்றியது. போனேன்.

தொண்ணூறுகளில், நம் கடைசி வருடப் புராஜெக்ட் முழுக்க இந்த வாடைதான். டர்பைன் இறக்கையைச் சுற்றி ஓடும் வாயு, அந்த உலோகமே உருகும் சூட்டில் இருக்கும். அதனால் இறக்கைக்குள் துளை விட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். துளையின் உள்சுவரில் சின்ன வரம்புகள் வைத்தால் காற்று புரண்டு, இன்னும் சூட்டை வாங்கும். "நேரா மறிச்சா காத்து முட்டிக்கிட்டு நிக்கும்லே. சரிச்சு வையி, சுருண்டு ஓடும்," என்றாய். நேர் வரம்பு என் பங்கு, சரிந்தது உன் பங்கு. பேட்டைப் பட்டறையில் அந்தத் துளையையே பெரிய அளவில் ஒரு பெட்டியாகச் செய்தோம். பாச்சை உருண்டையை உருக்கி, அவரவர் வரம்பு வைத்த தகட்டில் வார்த்து, காற்றடித்து, முன்னும் பின்னும் எடை போட்டோம். காற்றில் எவ்வளவு கரைகிறதோ, நிஜ இறக்கையில் அவ்வளவு குளிர்ச்சி என்று கணக்கு.

உன் தகடு ஏகத்துக்குக் கரைந்திருந்தது. ஆனால் அன்று கரண்ட் போய், நீ டீ குடிக்கப் போன நேரமெல்லாம் அது திறந்தே கிடந்தது. சித்திரை வெக்கையில் அது தானாகவே கரையும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூடவில்லை, சொல்லவுமில்லை. மேற்படிப்புக்கு ஒருவரைத்தான் பரிந்துரைப்பார்கள், அது நீதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

தேர்வாளர் முன்னால் நீ வரைபடத்தைக் காட்டும்போது எழுந்தேன். "எடை போடுததுக்கு முன்னால தகடு எவ்வளவு நேரம் தொறந்து கெடந்துச்சு?"

உனக்குப் பொய் வராது. "ஒரு மணி நேரம் இருக்கும்," என்றாய்.

"வெயில் செஞ்ச வேலைய வரம்பு பேர்ல எழுதிட்டீரே வே," என்றார் தேர்வாளர். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அடுத்த வாரம் உனக்குத் தெரியாமல் உன் தகட்டை மறுபடி வார்த்து, மூடி வைத்து, ஒழுங்காக எடை போட்டு ஒரு தாளில் குறித்தேன். நீ சொன்னதுதான் சரி. என் வரம்பு அதன் கிட்டேகூட நிற்கவில்லை. பரிந்துரை எனக்கு வந்தது. நேர்முகத்தில் அந்தத் தாளைத்தான் என்னுடையதாக நீட்டினேன். நீ நாங்குநேரியில் பம்புசெட் கடை வைத்தாய். ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே வந்து நீ வாங்கித் தந்த காபியைக் குடித்தேன். சொல்ல வாய் வரவில்லை என்றால் பொய். வந்தது, விழுங்கினேன்.

இத்தனை வருடம் வைத்திருந்த தாளை உன் மனைவியிடம் கொடுத்துவிடலாமென்று சட்டைப்பையில் கொண்டு போயிருந்தேன். பந்தியில் அவள் பாயசத்தோடு வந்து நின்றாள்.

"அவிய உங்களப் பத்தித்தான் சொல்லுவாவ அண்ணே. 'தப்புக் கணக்க வச்சு ஊர ஏமாத்தியிருப்பேன், அவன்தான் தடுத்தான்'னு."

உன் யோசனை தப்பென்று நம்பியே செத்திருக்கிறாய், எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே. நான் தலையாட்டினேன். தாள் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. அன்று அவளிடம், இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னேன்.