சுற்றவாளி என்று சொன்னார்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று பதுளை கோர்ட்டில் என் வீட்டுக்காரருடைய வழக்கைக் கூப்பிட்டார்கள். எல்ல டவுனில் இவர் ஓட்டும் ஆட்டோவின் பின் சீட்டுக்கு அடியில் ஐஸ் என்கிற போதைத்தூள் பக்கெட்டைப் பொலிஸ் எடுத்ததிலிருந்து ரிமாண்டில்தான் இருக்கிறார். பகுப்பாய்வு அறிக்கை வந்துவிட்டதாம். அளவு குறைவு என்பதால் விற்றதாக வழக்கில்லை, வைத்திருந்ததாக மட்டும்தான்.

லோயர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒத்துக்கிட்டா தண்டப்பணம் கட்டி இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரலாம். ஆனா குற்றம் பதிவாயிரும். இல்லன்னு சொன்னா வழக்கு இழுக்கும். அது அங்க இருந்தது அவருக்குத் தெரியும்னு பொலிஸ்தான் நிரூபிக்கணும்."

கூண்டுக்குப் போகும் வழியில் இவரைப் பார்த்தேன். மெலிந்துவிட்டார்.

"ஒத்துக்கிடுங்க, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"யாரோ ஏறி எறங்குன வண்டி புள்ள. வைக்காதத வச்சேன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு நம்ம மகள தூள்காரன் மகள்னு சொல்ல மாட்டாங்களா?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார், குற்றவாளியா, குற்றம் செய்யாத சுற்றவாளியா என்று. இவர் நிமிர்ந்து நின்று, "சுற்றவாளிங்க" என்றார். பொலிஸ் எதிர்த்ததால் பிணை கிடைக்கவில்லை. மறுபடி ரிமாண்ட். பஸ்ஸில் வரும்போது இவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடி வந்தாள்.

"அப்பா என்னம்மா சொன்னாரு?"

"செய்யலன்னு சொன்னாரு."

"அப்ப செய்யல" என்றாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

அவளைப்போல நம்பிவிட்டுத் தூங்க என்னால் இன்னும் முடியவில்லை.