டென்னிஸ் பந்தைப் பார்த்துப் பயந்தவருக்கு

காது கிழியப் பேசும் என் அருமை மச்சான் செல்வராசுவுக்கு,

படம் படு குப்பை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடித்த படமாயிற்றே, ஒரு நல்ல வார்த்தை சொல்லுவோம் என்று வாயெடுத்துப் பார்த்தேன், வரவில்லை. நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாலும், இடைவேளையில் எழுந்து, "வா மாப்ள, ஒரு போண்டாவத் தின்னுட்டு ஊட்டுக்குப் போலாம்" என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள்.

நான் பெரிய சினிமாப் பைத்தியம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலை மூட்டை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவனுக்குத் தியேட்டர் என்பது மழைக்கு ஒதுங்குகிற இடம். உங்கள் தங்கை மல்லிகா இழுத்துக்கொண்டு போனால் போவேன், உள்ளே போய்த் தூங்குவேன். அப்படிப்பட்ட எனக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதையைக் கேளுங்கள். எங்கேயோ ஒரு கிரகத்தில் தண்ணீர் வற்றிவிட்டதாம். அங்கிருந்து ஒரு ஜந்து கிளம்புகிறது. இத்தனை பெரிய கடல் எல்லாம் கண்ணில் படவில்லை, நேராக நம் குந்தா டேமுக்கு வந்து இறங்குகிறது. வெளிச்சத்தைவிட வேகமாகப் பறக்கத் தெரிந்த அந்த ஜந்துவுக்கு, டீ ஃபேக்டரிக் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியவில்லை. அது வெளியே நின்று உறுமிக்கொண்டே இருக்கிறது. உள்ளே கதாநாயகன் சாவகாசமாகக் கதாநாயகியிடம் காதலைச் சொல்லி முடிக்கிறான். நம் ஊர்க் கரடி எவ்வளவோ மேல். கதவை ஒரே தள்ளாகத் தள்ளி, சமையல்கட்டில் இருக்கும் எண்ணெய் டின்னைக் காலி செய்துவிட்டு, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பார்க்கவாவது பயமாக இருக்கிறதா? கேரட்டைத் தலைகீழாக நிறுத்தி இரண்டு கண் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. எங்கள் பின்வரிசையில் ஒருவர், "கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பீரலாமுங்க" என்றார். தியேட்டரே சிரித்தது. படத்தில் அந்த இடத்தில் நாங்கள் அழ வேண்டுமாம். கதாநாயகனின் அம்மா அந்த ஜந்துவுக்கு ரசம் சோறு பிசைந்து ஊட்டுகிறாள், அது கண்ணீர் விடுகிறது. அதன் கிரகத்தில் அம்மா பாசமே கிடையாதாம்!

கதாநாயகன் விஞ்ஞானி. பனிமூட்டத்துக்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நடக்கிறான். இரண்டடி தள்ளி நிற்கிற மாடு தெரியாத மூட்டத்தில் இவனுக்கு மட்டும் வானத்தில் பறக்கிற தட்டு தெரிகிறது. நம் வீட்டில் செல்போனுக்கு டவர் கிடைக்க நான் தண்ணித் தொட்டி மேல் ஏறி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அந்தக் கேரட் நம் தோட்டத்தில் உட்கார்ந்தபடியே தன் கிரகத்துக்குப் பேசிவிடுகிறது, ஒரு தடவைகூட லைன் கட்டாகவில்லை. எந்தக் கம்பெனி சிம் என்று கேட்டு வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டு வந்திருப்பேன் மச்சான். ஊரை ஏமாற்றிப் படம் எடுப்பது அவர்கள் பிழைப்பு, ஏமாறுவது நம் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். ஆனால் நாங்கள் படம் பார்க்கப் போகவில்லை. உங்கள் குரலைக் கேட்கப் போனோம்.

ஃபேக்டரியில் மிஷின் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தியே பேசிப் பழகிய தொண்டை உங்களுடையது. ரகசியம் சொன்னால்கூட அடுத்த லைன் வீட்டில் பதில் சொல்வார்கள். சினிமாக்காரர்கள் வந்திருந்த அன்று நீங்கள் எதிர்ச் சரிவில் நின்று, "மாப்ள, சோத்துக்கு வா!" என்று என்னைக் கூப்பிட்டீர்களே, அந்தக் கூப்பாட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்த உதவி டைரக்டர் பையன் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். "சார், இவர் வாய்ஸ் செமையா இருக்கு, இவரையே பேச வைக்கலாம்" என்று ஓடினான். உங்களைப் பிடித்துக்கொண்டு போனது அந்தக் குரலுக்காகத்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

கொடுத்தது ஒரே வசனம். "சார், மலை மேல என்னமோ எறங்கியிருக்குதுங்க சார்! அது மனுசன் இல்லீங்க!" அதை வைத்துக்கொண்டு நீங்கள் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே. சாப்பிடும்போது சொன்னீர்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொன்னீர்கள், மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னீர்கள். ஒரு அம்மா நிஜமாகவே பயந்து பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டது.

எடுக்கிற இடத்தில் ஜந்துவே இல்லை. ஒரு குச்சியின் நுனியில் டென்னிஸ் பந்தைச் செருகி வைத்து, அதைப் பார்த்துப் பயப்படச் சொன்னார்கள். "ஏனுங்க, இந்தப் பந்தையப் பாத்தா நாம் பயப்படோணும்?" என்று நீங்கள் கேட்டதும் அந்த டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் பயந்தீர்கள். எனக்கே முதுகு சில்லிட்டது. முடித்துவிட்டு வரும்போது என்னிடம், "தியேட்டர்ல நான் வரும்போது நீ பாட்டுக்கு விசிலடிச்சுறாத மாப்ள, வசனம் கேக்காது" என்றீர்கள். படம் வெளிவரும்வரை நீங்கள் இருக்கவில்லை. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். அந்த வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

பார்வதி அக்காவை அங்கே தனியாக விட மல்லிகாவுக்கு மனம் வரவில்லை. "எங்கண்ணி ஒத்தையில கெடக்க வேண்டாமுங்க" என்று நம் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். அக்கா அழவில்லை, அதிகம் பேசவும் இல்லை. உங்கள் போட்டோ இருக்கிறது, குரல்தான் இல்லை. போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பும் பழக்கம் உங்களுக்குக் கிடையாது. "இங்கிருந்து கத்துனாலே கேக்குமே, அதுக்கு எதுக்கு போன்?" என்பீர்கள். எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். நீங்கள் பந்தியில் நின்று யாரையோ அதட்டுகிறீர்கள், வாய் நன்றாக அசைகிறது. அந்த ஸ்டுடியோக்காரன் ஆரம்பம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறான்.

ஒருநாள் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே கேட்டார். "தம்பி, அந்தப் படம் வந்தா என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா? படமெல்லாம் எனக்கு வேண்டாம். அவிய பேசறத மட்டும் கேட்டுட்டு வந்துரலாம்."

உங்களை அவர் 'அவிய' என்று சொல்லும்போது ஒரு மரியாதை இருக்குமே, அதை நீங்கள் ஒருநாளாவது கவனித்திருக்கிறீர்களா?

ஊட்டியில் மதியக் காட்சிக்குப் போனோம். கேரட் வந்தது, போனது. கதாநாயகி அந்தக் குளிரில் கையில்லாத சட்டையோடு ஆடினாள். தேயிலை பறிக்கும் பெண்கள் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, கூடைக்குள் நாலு இலையைப் போட்டுக்கொண்டு கூட ஆடினார்கள். திரையில் தேயிலைச் செடி தெரியும்போதெல்லாம் அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மல்லிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு வந்தீர்கள். அடேயப்பா, எவ்வளவு பெரிய முகம் மச்சான்! அதே காப்பிக்கலர் ஸ்வெட்டர், அதே குரங்குக் குல்லா. செடிகளுக்கு நடுவே மூச்சு வாங்க ஓடி வருகிறீர்கள். மூக்கோரத்து மருகூடத் தெரிந்தது. நான் விசிலடிக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை. நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

யாரோ பேசினான்.

சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து, வெந்நீர் குடித்து, தொண்டையைக் கனைத்துவிட்டுப் பேசிய யாரோ ஒருவன். பவுடர் பூசிய குரல். "சார்! மலை மேல ஏதோ எறங்கியிருக்கு சார்! அது மனுஷனே இல்ல!" உங்கள் வாய் அசைகிறது, அவன் பேசுகிறான். டப்பிங்காம். யாரை வேண்டுமானாலும் நடிக்க வைத்து, யாரை வேண்டுமானாலும் பேச வைத்துக்கொள்வார்களாம். பிறகு விசாரித்தபோது, "இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. குரலுக்காகப் பிடித்துக்கொண்டு போனவர்கள் குரலையே கழற்றி எறிவார்கள் என்று எப்படித் தெரியும்?

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க! அது அவிய கொரலே இல்லீங்க!" அவர் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. படத்தைக் கிண்டலடிக்கிறார் என்று நினைத்து நாலு பேர் கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார். மல்லிகா அக்காவை இழுத்து உட்கார வைப்பதற்குள் உங்கள் முகம் போய்விட்டது, மறுபடி கேரட் வந்துவிட்டது.

அந்தக் கேரட்டின் உறுமலுக்காக நிஜமான காட்டு மிருகங்களின் சத்தத்தைக் காட்டுக்குள் காத்துக் கிடந்து பதிவு செய்தார்களாம். பேட்டியில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இல்லாத ஒரு பிராணிக்காக அவ்வளவு மெனக்கெட்டவர்களுக்கு, எதிரே நின்று தொண்டை கிழியக் கத்திய மனிதனின் குரல் ஆகவில்லை. தூ! மன்னியுங்கள் மச்சான், உங்களுக்கு எழுதும் கடிதத்தில் துப்பக் கூடாதுதான். ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பிக்கப்பின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து திரும்பினோம். வண்டி முத்தோரைப் பாலாடாவைத் தாண்டியது. அப்புறம் அக்கா சொன்னார்.

"போகாமயே இருந்திருக்கலாம் தம்பி. இப்ப அவிய பேசறத நெனச்சுப் பாத்தாலும் அந்தப் படத்துக் கொரலுதான் வருது."

வண்டியை ஓரங்கட்டினேன். இது என்ன கொடுமை? இருந்த ஒன்றையும் அல்லவா பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள்! என்ன செய்வது என்று தெரியாமல், நான் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணன் அப்படிச் சொல்லாதுங்க. 'சார்'னு சொல்லும்போது மூக்குல ஏறும்" என்றாள் மல்லிகா. அவள் சொல்லிக் காட்டினாள். எனக்கு அது கோழி கூவியது போல் இருந்தது. நான் மறுபடி சொன்னேன். அவள் இல்லை என்றாள். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள உக்காந்து சொன்னா எப்படி வரும்? அவிய வெளிய நின்னுதான சொன்னாங்க?" என்றார்.

இறங்கினேன். ரோட்டோரம் நின்று, வயிற்றை எக்கி, எதிர்ச் சரிவைப் பார்த்துக் கத்தினேன். மலை மேல் என்னமோ இறங்கியிருக்கிறது, அது மனிதன் இல்லை என்று. கீழே உருளைக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "எங்கீங்க? எந்தப் பக்கம் எறங்கியிருக்குது? ஆனையா?" என்று பதிலுக்குக் கத்தினார்.

வண்டிக்குள் அக்கா சிரித்தார் மச்சான். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. சிரித்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மல்லிகாவும் அழுதாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா சொன்னார்: "இல்லீங்க தம்பி. அவியளது இன்னும் கனமா இருக்கும். ஆனா அந்தக் கொரலு கொஞ்சம் தள்ளிப் போயிருச்சு."

அன்றிலிருந்து தினமும் கத்திக்கொண்டிருக்கிறேன். இலை மூட்டை ஏற்றும்போது கத்துகிறேன், வண்டி கழுவும்போது கத்துகிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக லைன் வீடுகளில் பேச்சு. அக்கா அடுப்படியிலிருந்தே திருத்துகிறார். "இன்னும் கொஞ்சம் இழுங்க. அவசரப்படாதீங்க. அவிய மூச்சு வாங்கீட்டுத்தான் சொல்லுவாங்க." இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறார், எல்லாம் உங்களைப் பற்றித்தான்.

அந்தப் படத்தை எப்படியும் டிவியில் போடுவார்கள். குப்பையாகப் பார்த்துத்தானே பண்டிகை நாளில் போடுகிறார்கள்! அன்றைக்குச் சத்தத்தைச் சுத்தமாக அடைத்துவிட்டு உட்காருவோம். கேரட் ஊமையாகவே உறுமிவிட்டுப் போகட்டும். நீங்கள் ஓடி வந்து வாயைத் திறக்கும்போது நான் பேசுவேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, "அவியதான்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அதுவரை என் தொண்டை கிழிந்தாலும் நிறுத்த மாட்டேன். இது சத்தியம்.

இந்த மலையில் 'மாப்ள' என்று கூப்பிட ஆளில்லாமல் நிற்கும்
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
முருகேசன்