பர்மாவில் சாகாத இருளப்பன்

1986 பெப்ரவரி 9
அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குத் திவசம். பர்மாச் சண்டையில் செத்த இருளப்பன். நான் பார்த்ததில்லை. பட்டாளத்துக்காரர் பேத்தி என்று ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எனக்கொரு பெருமை உண்டு.

பெப்ரவரி 15
கெலிஓயாவிலிருந்து மனுவேல் என்றொரு கிழவர் நான் வேலை செய்யும் துணிக்கடைக்கு வேட்டி வாங்க வந்தார். யுத்தத்தில் பட்டாளத்துக்கு மூட்டை சுமந்தவராம். தாத்தா பெயரைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"இருளப்பனா? அவன் பர்மாவுக்கே போகல்லம்மா. கப்பல்ல ஏத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஓடிட்டான். புசல்லாவையில பழனியாண்டின்னு பேர மாத்திக்கிட்டு இருந்தான்."

அதன்பிறகு மடித்த வேட்டியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 16
ஓடினது போகட்டும். வெள்ளைக்காரன் சண்டைக்கு எதுக்குச் சாகணும்? ஆனா புசல்லாவை! பஸ் ஏறினா வந்துடலாமே!

அம்மாவின் ஆத்தாவுக்கு ஏன் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டினார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. ஓடிப்போனவன் பெண்டாட்டி! வேலையில்லாமல் காய்ச்சலில் கிடந்து செத்தாள். அம்மா சின்ன வயதிலேயே கொழுந்துக் கூடை தூக்கினாள். அந்த மனுசன் வேறு பெயரில் சோறு தின்றிருக்கிறார்.

பெப்ரவரி 23
அம்மாவிடம் சொல்லாமல் புசல்லாவைக்குப் போனேன். பழனியாண்டி என்று விசாரித்தேன். செத்து ஏழு வருடமாம். கூட வாழ்ந்த வேலாயி இருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தார். குடிக்கவில்லை. பெற்ற மகளை ஒரு தடவையாவது வந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

"வந்தாரே. அம்பத்தஞ்சுல. ஒங்கம்மாதான் வாசல்லயே வச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

பொய் என்று கத்திவிட்டு வந்தேன்.

வந்ததும் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"ஆமா, வந்தாரு. ஆத்தா செத்தப்ப எங்க இருந்தீங்கன்னு கேட்டேன். எங்கப்பன் பர்மாவுல செத்துட்டாரு, நீங்க யாருன்னேன். போயிட்டாரு."

உயிரோடு இருந்தவருக்கா இத்தனை வருடம் திவசம் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"எனக்கு அன்னிக்கே செத்துட்டாரு."

பெப்ரவரி 24
நான் அம்மாவோடு பேசவில்லை.

பெப்ரவரி 27
இன்னும் பேசவில்லை. எனக்குப் பதினேழு வயசாகும்வரை தாத்தா உயிரோடு இருந்திருக்கிறார். அவள் கோபம் அவளுக்கு. சரி. எனக்கும் சேர்த்து அவளே கோபப்பட்டுவிடுவதா? நானும் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேனே. கேட்டுவிட்டு — தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

மார்ச் 9
விடிந்தபோது அம்மாவைக் காணவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். சேலைக் கரையெல்லாம் செம்மண். புசல்லாவைக்குப் போய், வேலாயியைக் கூட்டிக்கொண்டு புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கை கால் கழுவிவிட்டு என்னை முறைத்தாள்.

"கல்லு சாஞ்சு கெடக்கு. அவ வயசானவ, என்ன செய்வா? நீ போனியே, நிமித்தி வச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?"

நான் புதைத்த இடத்தின் பக்கமே போகவில்லை. அதைச் சொல்லாமல் சோறு போட்டுக் கொடுத்தேன்.